முப்பத்தைந்தில் முதுமை, எழுபதில் கூலி

தருமபுரி மாவட்டத்தில் முதுமைக்கு ஒரே வயது கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை 60 முடிந்த மாதக் கடைசியில் மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். ஓசூர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வாசலில் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண் புதிதாக வேலை கேட்டு நின்றால், உள்ளே விட யோசிக்கிறார்கள். பெங்களூரில் சாரம் ஏறும் கொத்தனாருக்கு முட்டி மடங்க மறுக்கும் நாள்தான் ரிட்டயர்மென்ட். பென்னாகரம் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் களை வெட்டும் பாட்டிக்கோ அப்படியொரு நாள் காலண்டரிலேயே இல்லை.

மக்கள்தொகை மூப்படைந்தால் வேலைக்கு ஆள் குறையும், கூலி ஏறும், இயந்திரம் வரும் என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்கின்றன. ஓரளவு அது இங்கேயும் நடக்கிறது. ஆனால், அதற்கு முன்னால் இன்னொன்று நடந்து முடிந்துவிட்டது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய வயதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறது. இளமையை ஆலையும் நகரமும் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் வயலுக்கு வருகிறது.

தமிழ்நாடு முழுவதுமே வேகமாக வயதாகிக்கொண்டிருக்கும் மாநிலம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 10.4 பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். மத்திய அரசின் கணிப்பில் இது 2021-இல் 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் இருக்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு அறிக்கைப்படி இங்கே ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.4. அதே நிலையில் மக்கள்தொகை நிற்க வேண்டுமானால் 2.1 தேவை. பக்கத்து ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு, கூடுதல் குழந்தை பெறுங்கள் என்று 2024-இல் மேடையில் கேட்கும் அளவுக்குத் தென்னிந்தியாவின் கவலை மாறிவிட்டது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெழுத்து எழுதிய அரசுகள் இவை என்பதை இளைய தலைமுறை நம்பாது.

தருமபுரி இந்தச் சித்திரத்தில் நேராகப் பொருந்தாது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநில மக்கள்தொகை 15.6 சதவீதம் வளர்ந்தபோது, இந்த மாவட்டம் 16.3 சதவீதம் வளர்ந்தது. 2011-இல் 15,06,843 பேர். அதில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி இடம், 68.5 சதவீதம். ஆக, குழந்தைகள் பிறக்காததால் ஊர் கிழடு தட்டியது என்று சொல்ல முடியாது. பிறந்தவர்கள் வளர்ந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பெங்களூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், ஓசூர் அதைவிடக் கிட்டே, திருப்பூரும் ஒரு பஸ் தூரம். சித்தேரி மலையிலிருந்தும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் வட்டாரங்களிலிருந்தும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போவது இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். ஊரில் தங்குவது யார் என்பதை ரேஷன் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதில் எல்லோர் பெயரும் இருக்கும். பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நடந்தால் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பேசும்போது மாவட்டமே கொஞ்சம் தலைகுனியும். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலையும் கருவிலேயே கண்டறிந்து கலைப்பதும் சேர்ந்து செய்த வேலை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு இங்கேயும் வந்தது. 2011-இல் விகிதம் 913-க்கு ஏறியது. 2001-இல் எண்ணப்பட்ட அந்தச் சிறுமிகள் இன்று இருபத்தைந்தைத் தாண்டிய பெண்கள். எண்ணப்படாமல் போனவர்களும் இருந்திருந்தால் அதே வயதில் இருப்பார்கள். நடவுக்கு ஆள் இல்லை, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்ற மூன்று புலம்பல்களையும் ஒரே வீட்டுத் திண்ணையில் கேட்கலாம். மூன்றுக்கும் பாதிக் காரணம் ஒன்றுதான் என்பதைத் திண்ணையில் யாரும் சொல்வதில்லை.

வயலுக்கு வருவோம். கேழ்வரகு இம்மாவட்டத்தின் முகவரி மாதிரி. 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் சோதனைத் திட்டத்துக்கு அரசு தேர்ந்தெடுத்தது நீலகிரியையும் தருமபுரியையும்தான். சர்க்கரை நோய்க் காலத்தில் நல்ல யோசனை. விவசாயிகளிடமிருந்து நேரடிக் கொள்முதலும் வந்தது. விலையும் சந்தையும் கிடைத்துவிட்டன. குனிய ஆள்தான் இல்லை. நாற்றுப் பிடுங்குவது, நடுவது, களைக்கொத்தோடு இரண்டு முறை கொல்லையில் இறங்குவது, கதிரைக் கதிராகப் பார்த்து அறுப்பது எல்லாம் கைவேலை. ஒரே நேரத்தில் முற்றாத கதிரை இயந்திரத்தால் தரம் பார்த்து அறுக்க முடியாது. கொல்லையில் வரிசையாக இறங்கி அறுக்கிறவர்களில் ஐம்பது வயதுக்காரர்தான் சின்னப்பெண். ஆள் கிடைக்காத கொல்லைகள் மாந்தோப்பாக மாறியதில் வியப்பில்லை. மாமரம் வருடத்தில் சில வாரங்கள்தான் ஆள் கேட்கும். காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் விரிந்து கிடக்கும் மாந்தோப்புகளைப் பார்த்து விவசாயம் செழிக்கிறது என்று நினைப்பவர்கள், அது ஆள் பற்றாக்குறையின் நிழலாகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

மாசி, பங்குனியில் புளி சீசன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் குவித்துக் காயவைத்த புளியம்பழத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலை நீட்டி, எதிரில் ஒரு கல். சின்ன சுத்தியலோ இரும்புக் கம்பியோ கையில். ஒரு தட்டில் ஓடு உடையும். விரல் நார் உரிக்கும். இன்னொரு தட்டில் சதை பிளந்து கொட்டை தெறிக்கும். கொட்டை தனிக் குவியல், நார் தனிக் குவியல், புளி தனிக் கூடை. கூலி நாளுக்கல்ல, கிலோவுக்கு. இருபது வயதுக்காரியும் எழுபது வயதுக்காரியும் ஒரே விலைக்குத் தட்டலாம் என்பதால் இதில் வயது பார்ப்பதில்லை. ஆனால், கண் மங்கியவர் இரண்டு பழம் தட்டும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் நான்கு தட்டுவார். மாலை எடை போடும்போது வயதின் விலை தராசில் தெரிந்துவிடும். புளிப்பு ஏறி விரல் நுனித் தோல் உரிந்திருப்பது இந்த வேலைக்காரர்களின் அடையாளம். சட்டப்படி இவர்களுக்கு முதலாளி யார் என்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டு வாசலுக்கு மூட்டை வருகிறது, மூட்டை போகிறது.

பட்டுப்புழு வளர்ப்பு இதைவிடக் கொஞ்சம் மரியாதையான வேலை. தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. பணம் சீக்கிரம் கைக்கு வரும். வேலை பெரும்பாலும் நிழலில். முன்பு மல்பெரி இலையை ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டார்கள். இப்போது தண்டோடு வெட்டிப் பரப்பும் முறை வந்தபின் பாதி ஆள் போதும். வயதான தம்பதி இருவரே ஒரு கொட்டகையைச் சமாளிக்க முடிகிறது. புழு கூடு கட்டத் தயாராகும் கடைசி இரண்டு மூன்று நாட்கள்தான் சோதனை. பழுத்த புழுக்களைப் பொறுக்கி, அவை கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விட ஒரே நேரத்தில் நிறையக் கை வேண்டும். அப்போது திருப்பூரிலிருக்கும் மகனுக்குப் போன் போகும். ஆடு, மாடும் அப்படித்தான். புளுதியூர்ச் சந்தையிலும் நல்லம்பள்ளிச் சந்தையிலும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் நரைத்த தலைகள் கணிசம். நான்கு ஆடுதான் பல முதியவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு.

உடம்பு எப்போது வேலைக்கு ஆகாமல் போகிறது என்ற கேள்விக்குத் தருமபுரி மண்ணுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. இங்குள்ள பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரங்களில் பல ஊர்க் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அதைத் தாண்டியவை. குழந்தையில் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்குப் பல் பழுப்பேறும். பல ஆண்டு தொடர்ந்து குடித்தால் எலும்பில் படியும். முதலில் மூட்டு வலி. பிறகு கழுத்தைத் திருப்ப முடியாது, முதுகு வளையாது. நாற்பத்தைந்து வயதில் எழுபது வயது நடை. வயதானால் வருகிற வலிதானே என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது. 2013-இல் காவிரி நீர் குழாயில் வந்தது. ஆனால், படிந்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது. இன்று 55 வயதில் இருப்பவர் நாற்பதைத் தாண்டும்வரை குடித்தது பழைய தண்ணீர். மாவட்டத்தின் மூத்த தொழிலாளர்களின் உடல் திறனை வயதை மட்டும் வைத்து அளக்கவே முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு 60 என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். குனிய முடியாத 48 வயதுக்காரருக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இடம்?

கட்டட வேலையில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையாக வரும். பெங்களூரின் அடுக்குமாடிகளுக்குத் தருமபுரி கொடுத்த உழைப்புக்குக் கணக்கே இல்லை. சித்தாளாகப் போய், பெரியாளாகி, சிலர் மேஸ்திரியாகவும் ஆனார்கள். ஐம்பதை நெருங்கும்போது மேஸ்திரி ஆகாதவர்கள் திரும்பி வருகிறார்கள். அந்த இடத்துக்கு இப்போது ஊரிலிருந்து பையன்கள் அவ்வளவாகப் போவதில்லை. பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள். வடக்கின் இளமை தெற்கின் மூப்பை ஈடுகட்டும் இந்த ஏற்பாடு கட்டடத்தோடு நிற்கவில்லை. காவிரி டெல்டாவில் நாற்று நடுகிறவர்களில்கூட வங்காளிகள் உண்டு.

திரும்பி வந்தவருக்கு என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலேயே வந்துவிட்டது. பதிவு செய்து புதுப்பித்துக்கொண்டே வந்தால் 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. உழைத்ததெல்லாம் கர்நாடகத்தில் என்றால், இந்த வாரியத்திலும் பெயர் இருக்காது, அந்த வாரியத்திலும் இருக்காது என்பதே பலரின் நிலை. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலான பத்தாண்டுதான் மோசமான காலம். கிழவர் என்று ஆலையும் மேஸ்திரியும் சொல்லிவிட்டார்கள். இன்னும் கிழவர் ஆகவில்லை என்று அரசு சொல்கிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது ‘ஏரி வேலை’. அரசு வைத்த நீண்ட பெயரை இந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை. 2005 சட்டத்தின் வழி வந்த நூறு நாள் வேலைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு மட்டும்தான் இருந்தது, மேல்வரம்பு இல்லை. இந்தியாவில் ஒரு எழுபது வயதுப் பெண் தனக்கு வேலை வேண்டும் என்று சட்டப்படி கேட்க முடிந்த அரிய இடம் அது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். ஏரிக்கரையில் மண்வெட்டி பிடிப்பது கொஞ்சம் வலுவுள்ள சிலர். மற்றவர்கள் வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள். மிகவும் தளர்ந்தவர் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு மரத்தடியில். உட்கார்ந்து பேசிவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று நிலக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அந்தக் குறையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால், அதே பாட்டியை அதே நிலக்காரர் மதியத்துக்கு மேல் களைக்குக் கூப்பிட்டதும் உண்மை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய ஆண்களில் 66 சதவீதம் பேரும், பெண்களில் 28 சதவீதம் பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நகரங்களில் இது 46, 11. பென்ஷன் உள்ளவர் ஓய்வெடுத்தார். இல்லாதவர் வேலைக்குப் போனார்.

பென்ஷன் என்றால் எவ்வளவு? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-இல் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை மாதம் 200 ரூபாய்தான். மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு அந்த ஆயிரம் பொருந்தாது என்பது விதி.

அரசு வேலையில் முதுமை நேர்மாறான திசையில் நகர்ந்தது. 2020 மே மாதம் ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது. 2021-இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. கொரோனா காலத்தில் பணிக்கொடைச் செலவைத் தள்ளிப்போட அரசுக்கு அது வசதி. தருமபுரி போன்ற, பெரிய ஆலை இல்லாத ஊரில் படித்த பிள்ளைகளுக்கு டிஎன்பிஎஸ்சியே தொழிற்பேட்டை. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு, அறிவிக்கப்பட்டவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். மூத்தவர் இரண்டு வருடம் கூடுதலாக நாற்காலியில் இருந்தால் இளையவரின் வாய்ப்பு அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். பள்ளிக்கூடங்களில் வேறு விதம்: பிறப்பு குறையக் குறைய ஆசிரியர் பணியிடங்களும் சுருங்கும், ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களின் வரிசை மட்டும் நீளும்.

மூப்பு புதிதாக உண்டாக்கிய வேலைகளும் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது பழைய தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர் வீடு தேடி எடுத்துப் போகிறார். இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால், மாத்திரைப் பையோடு வெயிலில் நடக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, நிரந்தரச் சம்பளமல்ல. முதியவரைக் கவனிக்கும் வேலையை மகளோ மருமகளோ இத்தனை காலம் சும்மா செய்துவந்ததால், வெளியாள் செய்யும்போதும் அதற்கு விலை போட நமக்கு மனம் வருவதில்லை. ஒகேனக்கல்லுக்குக் கடன் கொடுத்த ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தொட்டுவிட்டார்கள். விவசாயியின் சராசரி வயது 2024-இல் 69-ஐ ஒட்டியிருந்தது. பராமரிப்பு வேலைக்கு ஆள் தேடி அந்த நாடு 2021-இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் போட்டது. தருமபுரியின் நர்சிங் படித்த பெண் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு அங்கே ஒரு முதியவரைக் குளிப்பாட்டப் போகலாம். சம்பளம் நன்றாக இருக்கும். அவருடைய பாட்டிக்கு யார் என்பதை அந்த ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

மாவட்டம் இப்போது எதிர்பார்த்திருப்பது நல்லம்பள்ளி வட்டத்தில் வரவிருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையை. மாலையில் வீடு திரும்ப முடிகிற வேலை என்பது இந்த ஊருக்குச் சின்ன விஷயமில்லை. பிள்ளைகள் இரவில் வீட்டில் இருந்தாலே பாதி முதுமைப் பிரச்சினை இலகுவாகும். எதிர்பார்ப்பைப் பக்கத்து மாவட்டம் கிளப்பிவிட்டிருக்கிறது. போச்சம்பள்ளியில் 10,000 பெண்கள் இயக்கும் ஆலை என்று 2021-இல் ஓலா அறிவித்தது. ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெண்களே பெரும்பான்மை. எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்பதை மேடையில் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வயதுவரை என்பதை யாரும் சொல்வதில்லை. பி.எஃப். ஓய்வூதியம் கிடைக்க மொத்தச் சேவை பத்தாண்டு நிரம்ப வேண்டும். நிரம்பினால் 58 வயதில் குறைந்தது மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு முன் மூன்று நான்கு வருடம் ஆலையில் இருந்துவிட்டு வரும் பெண் பி.எஃப். பணத்தை எடுத்து நகை வாங்கிவிட்டு, பிறகு ஏரிக்கரைக்கோ புளித் தட்டுக்கோதான் வருவார்.

புதிதாக ஆள் சேர்க்கும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டிலிருந்து ஊக்கத்தொகை தருகிறது. கூடுதலாகச் சேர்க்கும் ஒரு தொழிலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. மற்ற துறைகளுக்கு இரண்டாண்டு, உற்பத்தி ஆலை என்றால் நான்காண்டு. நல்லம்பள்ளிக்கு வரும் கம்பெனிகளோடு மாநில அரசு ஒப்பந்தம் போடும்போது, சலுகையின் ஒரு பகுதியை ஐந்தாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை அதே பெண்ணை வேலையில் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கக் கேட்கலாம்.